அம்பாசமுத்திரம் மர நடைவண்டி: வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்

தங்கச்சி மகன் வேலு சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் தாய்மாமன் முறைக்கு நான் வாங்கிக் கொடுத்த சாமான் இது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் நேரில் போய் வாங்கினேன், 900 ரூபாய். சில மாதங்களாக அந்த வீட்டு ஹாலில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலுவுக்கு இப்போது ஒன்றரை வயதை நெருங்குகிறது. அவன் அக்கா மதுவுக்கு நாலரை.

நான் பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறவன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் இடுப்பையும் முட்டியையும் பாதத்தையும் பார்க்கிற தொழில். அதனால் மரம் எப்படி, சக்கரம் எப்படி என்பதோடு பிள்ளையின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்ற பேச்சும் இதில் வரும். எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

முதலில் பொருள். முக்கோணமாக ஒரு அடிச்சட்டம், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பின்பக்கம் சின்ன ஏணி மாதிரி நிற்கும் சட்டம், அதன் உச்சியில் உருண்டைக் கைப்பிடி. கைப்பிடி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். கடைசல் பிடித்த பாகங்கள், அதாவது சக்கரம், கைப்பிடி, குமிழ் எல்லாம் அரக்குச் சாயம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வாயில் வைத்தாலும் நகத்தால் சுரண்டினாலும் உரிவதில்லை. இத்தனை மாதத்துக்கு அப்புறமும் கைப்பிடியின் சிவப்பு அப்படியே இருக்கிறது. சட்டத்தின் தட்டைப் பலகைகளில் மட்டும் எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இனி வாக்கர் பற்றி. நடைவண்டி வாங்கப் போகிறேன் என்றதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு வாக்கரே வாங்கிரலாமே?" நடுவில் துணி இருக்கையும் சுற்றிலும் சின்னச் சக்கரங்களும் வைத்த அந்த வட்டமான பிளாஸ்டிக் சாமானைச் சொல்கிறார். என்னிடம் வருகிற அம்மாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். தயவு செய்து வாங்காதீர்கள். கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து அதை விற்கக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது, பழையதைக் கைமாற்றவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2001லேயே தடை செய்யச் சொன்னது. 1990 முதல் 2014 வரை அந்த நாட்டில் வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள் 2,30,000க்கு மேல் என்று 2018ல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பாலும் மாடிப்படியில் உருண்டவர்கள்.

விபத்தை விடுங்கள். 1999ல் சீகல், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 109 பிள்ளைகளைப் பார்த்ததில், வாக்கரில் இருந்த பிள்ளைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் மற்றவர்களைவிடத் தாமதமானார்கள். மனவளர்ச்சிச் சோதனையிலும் பின்தங்கினார்கள். தன் காலே தெரியாதபடி பெரிய தட்டு மறைக்கிற வாக்கரில் இருந்தவர்களுக்குத் தாமதம் இன்னும் கூடுதல். வாக்கரில் பிள்ளை தன் எடையைத் தானே தாங்குவதில்லை. பெருவிரலால் ஒரு உந்து உந்தினால் போதும், அறையின் அந்தப் பக்கம் போய்விடலாம். நடைவண்டியில் அந்தச் சலுகை கிடையாது. பிள்ளை நின்றால்தான் வண்டி நிற்கும், பிள்ளை எட்டு வைத்தால்தான் வண்டி நகரும். தன் பாதத்தைக் குனிந்து பார்க்கலாம். விழுந்தால் தன் உயரத்திலிருந்துதான் விழும்.

விழுவதைப் பற்றிப் பாட்டிமார் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, தத்தி நடக்கும் பிள்ளைகள் விளையாடுவதைப் படம் பிடித்து எண்ணிப் பார்த்தது. 2012ல் வெளியான கணக்குப்படி, மணிக்குச் சராசரியாக 2,368 காலடி, 17 விழுகை. இதெல்லாம் நடக்கப் பழகுவதன் பாகம். கூர்முனை இல்லாத தரையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் சரி.

இப்போது எனக்கு முக்கியமான இடம். நடைவண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. நேராகத்தான் போகும். ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போகிற வாசலில் நிலையில் போய் முட்டும். ஆரம்பத்தில் வேலு முட்டிய இடத்திலேயே மறுபடி மறுபடி தள்ளுவான். போகாது. இன்னும் பலமாகத் தள்ளுவான். அப்புறம் அழுகை. மது ஓடிவந்து வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிடுவாள். இப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் அவளிடம் சொன்னேன், "நீ தூக்கிக் கொடுக்காத மது. நீ ஓட்டுனா எப்படித் திருப்புவேன்னு அவனுக்குக் காட்டு." அவள் வண்டியைப் பிடித்து, "இங்க பாருல, பின்னாடி இழுக்கணும், அப்புறம் திருப்பணும்" என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதே வாசல் நிலையில் முட்டியபோது அவன் தள்ளவில்லை. கைப்பிடியில் கை இருக்கிறது, தள்ளாமல் நிற்கிறான். சக்கரத்தைப் பார்த்தான். அக்கா எங்கே என்று பார்த்தான், அவள் பாயில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தொப்பென்று உட்கார்ந்து, தவழ்ந்து வண்டியின் முன்பக்கம் போய், முன் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தான். திரும்பத் தவழ்ந்து வந்து, சட்டத்தைப் பிடித்து எழுந்து, தள்ளினான். போய்விட்டது. அக்கா காட்டிய வழி ஒன்று, அவன் செய்தது வேறொன்று. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்த அரை நிமிடத்தில் மூன்று வேலை நடந்திருக்கிறது. தள்ளத் துடிக்கிற கையை நிறுத்தியிருக்கிறான். அடுப்படிக்குப் போக வேண்டும் என்பதை மறக்காமல் மனதில் பிடித்து வைத்திருக்கிறான். பழைய வழி சரிப்படவில்லை என்றதும் வேறு வழிக்கு மாறியிருக்கிறான். எங்கள் படிப்பில் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பதும், கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுவதும், கோபத்தில் கையை ஓங்காமல் இருப்பதும் இதே திறன்களின் வளர்ந்த உருவம். உடலின் அசைவுகளை ஒழுங்கு செய்யும் சிறுமூளையும், திட்டமிடுகிற நெற்றிப் பக்க மூளையும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று அடேல் டயமண்ட் என்ற மூளை ஆய்வாளர் 2000ல் விரிவாக எழுதினார். புதிதாக, கடினமாக எதையாவது செய்யும்போது இரண்டு பக்கமும் விழித்துக்கொள்கின்றன. கால் வளர்ச்சி வேறு, மூளை வளர்ச்சி வேறு என்று பிரித்துப் பேசுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டிய பழைய சோதனை ஒன்றை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். முதல் கிண்ணத்தின் அடியில் ஒரு சொப்பை ஒளித்துப் பிள்ளையை எடுக்க விடுங்கள், இரண்டு மூன்று தடவை. அப்புறம் அதன் கண் முன்னாலேயே இரண்டாவது கிண்ணத்தில் ஒளியுங்கள். எட்டு ஒன்பது மாதப் பிள்ளை பழைய கிண்ணத்தைத்தான் திறக்கும். பார்த்தது மறந்துவிடுகிறது, பழகிய கை முந்திக்கொள்கிறது. 1988ல் கெர்மோயன், காம்போஸ் இருவரும் எட்டரை மாதப் பிள்ளைகளிடம் இப்படி ஒளித்துத் தேடும் சோதனைகளை வைத்தார்கள். ஒரே வயதுதான். ஆனால் தவழத் தொடங்கியவர்கள் நன்றாகத் தேடினார்கள், இன்னும் நகராதவர்கள் தடுமாறினார்கள். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த ஆய்வில் வாக்கரில் நகர்ந்த பிள்ளைகளும் நகராதவர்களைவிட நன்றாகத் தேடினார்கள். தானாக இடம் மாறுவது என்பதற்கே அவ்வளவு பலன் இருக்கிறது. அந்தப் பலன் தவழ்ந்தாலே கிடைக்கும், அதற்காகப் பிள்ளையை மாடிப்படிக்குப் பக்கத்தில் சக்கரத்தில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

சாரா பெர்கர் என்ற ஆய்வாளர் இதே சோதனையை நடக்கிற பிள்ளைகளுக்கு மாற்றினார். 13 மாதப் பிள்ளைகள் கிண்ணத்தைத் திறப்பதற்குப் பதிலாக ஒரு இடத்துக்கு நடந்து போக வேண்டும், அப்புறம் இடம் மாறும். சமதரையில் சமாளித்த வயதுதான், வழியில் படி இறங்க வேண்டியிருந்தால் பழைய இடத்துக்கே போவது கூடிவிட்டது. இருக்கிற கவனம் முழுவதையும் கால் எடுத்துக்கொள்கிறது, மனதை அடக்க மிச்சம் இல்லை. வேலுவிடம் இதை அப்படியே பார்த்தேன். பாயில் உட்கார்ந்திருக்கும்போது சொப்பு எந்தக் கிண்ணத்தில் என்று சரியாக எடுப்பான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கச் சொன்னால் பழைய இடத்துக்கே போய் நிற்பான். எனவே புதிதாக நடக்கும் பிள்ளையிடம், "அதைத் தொடாதே, இங்கே வா, அதைக் கொண்டா" என்று நடக்கும்போதே அடுக்கிவிட்டு, சொல் பேச்சு கேட்பதில்லை என்று திட்டாதீர்கள். நின்ற பிறகு சொல்லுங்கள். நடை பழகிக் கைவந்த பிறகு இந்தத் தவறு குறைகிறது என்பதும் பெர்கரின் பிந்தைய ஆய்வில் உண்டு.

சரி, மதுவிடம் வருவோம். இந்த வண்டியின் பாதி மதிப்பு அவள்தான். அவள் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று. வேலு வண்டியைத் தள்ளி வருவான், அவள் நாலடி தள்ளி நின்று போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டி, "நில்லுல!" என்பாள். அப்புறம் "போ!" நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் அவள் முழங்காலில் மோதித்தான் வண்டி நிற்கும். நாளாக ஆக, குரல் கேட்டதும் நிற்கப் பார்ப்பான். உடம்பு முன்னால் சாயும், பெருவிரல்கள் தரையைக் கவ்வும், கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பான். தள்ளுவதைவிட நிறுத்துவது கஷ்டம், அதற்கு வயிற்றுத் தசையும் முதுகும் வேலை செய்ய வேண்டும். நான் மையத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவோ பாடுபட்டுக் கொடுக்கிற பயிற்சி அது. இப்போது ஒரு மாதமாகத் தனியாகத் தள்ளும்போதும் அவனாகவே "நி!" என்று சொல்லி நிற்கிறான், "போ!" என்று சொல்லிக் கிளம்புகிறான். பிறர் சொல்லால் அடங்கிப் பழகிய பிள்ளை பிறகு தன் சொல்லாலேயே தன்னை நடத்துகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுதியதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் நான். அது ஒரு ஹாலில் நடப்பதைப் பார்க்க இத்தனை வருடம் ஆயிற்று.

பெரியவர்கள் இதைச் செய்ய முடியாதா? முடியும், செய்யவும் வேண்டும். ஆனால் நாம் கொஞ்ச நேரத்தில் அலுத்துப் போவோம், அல்லது பிள்ளை அழுதால் விட்டுக் கொடுத்துவிடுவோம். மது விட மாட்டாள். தம்பிக்குத் தெரிந்த அளவுக்குச் சற்று மேலே நின்று, அவன் ஆசைப்படுகிற மாதிரி எல்லாவற்றையும் செய்பவள் அவள்.

கூடப் பிறந்தவர்கள் பற்றி ஆய்வுகளும் இருக்கின்றன. 1994ல் பெர்னர், ரஃப்மன், லீக்கம் மூவரும், உடன்பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகள் அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை ஊகிப்பதில் முந்துகிறார்கள் என்று கண்டார்கள். 2006ல் ஆஸ்திரேலியாவின் மெக்அலிஸ்டர், பீட்டர்சன் இருவரும், அப்படிப்பட்ட பிள்ளைகள் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் சோதனைகளிலும் நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். இவை இரண்டும் சேர்ந்து வருவதைக் காட்டுகின்றன, ஒன்றால்தான் மற்றொன்று என்று நிரூபிக்கவில்லை. இந்த மூளைத் திறனுக்காக இரண்டாவது பிள்ளை பெறச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்தால் கேட்காதீர்கள். ஒற்றைப் பிள்ளை வீட்டில் சித்தி மகளோ பக்கத்து வீட்டு அண்ணனோ சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் ஆடினாலும் இதே விளையாட்டு நடக்கும்.

அக்காவுக்கும் இதில் லாபம் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. வண்டியை அவளும் ஓட்ட ஆசைப்படுவாள். அவன் முறை, அவள் முறை என்று வைத்து, முறை மாற 20 வரை எண்ண வேண்டும் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். மது பதிமூன்றை எப்போதும் விட்டுவிடுவாள், ஆனால் இருபது வரும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். நாலரை வயதுக்கு அது பெரிய காரியம். தம்பியின் வேகத்துக்குத் தன் கால்களைக் குறைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் பின்னோக்கி நடப்பது இன்னும் பெரிய காரியம்.

மூத்த பிள்ளையால் வருகிற தொல்லையும் இருக்கிறது. அவன் கை நீட்டினால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவாள். அப்படி விட்டால் அவன் நடக்க வேண்டிய தேவையே குறைந்துபோகும். "அவனா வந்து எடுக்கட்டும்" என்று வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வண்டியின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. பெரிய குறை, எடை போதாது. கைப்பிடியைப் பிடித்து எழும்போது பிள்ளை பின்பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் தூக்கிக்கொள்கிறது. முன் சக்கரத்துக்கு மேலே ஒரு கிலோ மணல் பையைக் கட்டினேன், இப்போது அசையாமல் நிற்கிறது. இதைப் பட்டறையிலேயே பலகையைக் கனமாக வைத்துச் செய்யலாம். இரண்டாவது, டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்துக்கு மேலே இழுத்து மாட்டினால் வேகமும் குறையும், கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தமும் போகாது. சிமெண்ட் தரை, மண் முற்றம் உள்ள வீட்டில் இது தேவைப்படாது. மூன்றாவது, அச்சு முளை. ஒரு பக்கம் தளர்ந்து வெளியே வந்துவிட்டது. வாயில் போடுகிற அளவில் இருப்பதால் வாரம் ஒரு முறை எல்லா முளையையும் இழுத்துப் பாருங்கள். நான்காவது, அடிச்சட்டம் உட்காரும் பலகை போலத் தெரிவதால் மூத்த பிள்ளை சின்னதை அதில் உட்கார வைத்துத் தள்ளப் பார்க்கும். வண்டி கவிழும். அதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

பெயின்ட் விஷயம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் நடைவண்டியில் முத்திரை இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம், ஆனால் பதிவு இருக்கிறதா, என்ன பெயின்ட் என்று கேளுங்கள். நான் வாங்கிய இடத்தில் பெயின்ட் பற்றித் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எனவே தட்டைப் பலகைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சாயத்தை எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் காயவைத்துத்தான் கொடுத்தேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை, பலகைக்குச் சாயமே வேண்டாம், வெறும் மரமாகத் தாருங்கள் என்று முன்பே சொல்லிவிடுவது.

எந்த வயதில் கொடுப்பது? தானாகப் பிடித்து எழுந்து, சுவரையோ கட்டிலையோ பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006ல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. பத்து மாதத்தில் நடக்கவில்லை என்று நடைவண்டியால் அவசரப்படுத்தத் தேவையே இல்லை. பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மட்டும், வண்டி பொம்மை என்று எதையும் தேடாமல் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். கட்டணம் கிடையாது.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்று எடைக்கும் முளைக்கும் குறைத்தது. நேரில் போகிறவர்கள் பிள்ளையை நிற்க வைத்து, தரையிலிருந்து தொப்புளுக்குச் சற்று மேலே வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தால்தான் பிள்ளை அதன்மேல் சாயாமல், தன் காலில் நின்று தள்ளும். கடைசல்காரரிடம் அளவைச் சொன்னால் சட்டத்தை அதற்கு வெட்டித் தருகிறார், கூடுதல் காசு கேட்பதில்லை.